பேச வரும், படிக்க வராது!

சிஞ்ச்வட், ஆகுர்டி, நிக்டி, பிம்ப்ரி என்று நம் வட்டாரத்தில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைப் பார்க்கப் போனாலும், காபி வருவதற்குள் ஒரு வாக்கியம் வந்துவிடும். "பையன் தமிழ் நல்லாப் பேசுவான், எழுதப் படிக்கத்தான் வராது." சொல்கிற தாயாரின் முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருக்கும், கொஞ்சம் வருத்தமும் இருக்கும்.

1954-ல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கியது. பிறகு டெல்கோ வந்தது, பஜாஜ் வந்தது. அந்தத் தொழிற்சாலைகளை நம்பிப் பெட்டி படுக்கையோடு இங்கே இறங்கிய தலைமுறைக்குத் தமிழ் ஒரு கவலையாகவே இருக்கவில்லை. அவர்கள் ஊரிலேயே படித்து முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் தட்டுத் தடுமாறி எழுத்துக் கூட்டினார்கள். இப்போது ஹிஞ்ஜவடிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற பேரப்பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும், ஊரிலிருந்து வருகிற கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பெயர் எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் எத்தனை கரண்டி மிளகு என்று கேட்கப் பாட்டி இல்லை.

இதற்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. சென்னைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு அரிச்சுவடி வாங்கி வருவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையை உட்கார வைத்து அ, ஆ என்று தொடங்குவது. மூன்றாவது ஞாயிறு யாருக்காவது பிறந்த நாள் வரும். நான்காவது ஞாயிறு பரீட்சை. அரிச்சுவடி பழைய பேப்பரோடு போய்விடும். 247 எழுத்து என்றால் சும்மாவா என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

உண்மையில் 247 என்ற எண்ணிக்கை நம் குழந்தைகளைப் பயமுறுத்த வேண்டியதே இல்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மற்றதெல்லாம் அவற்றின் சேர்க்கை. பள்ளிக்கூடத்தில் மராத்திக்கும் இந்திக்கும் தேவநாகரி படித்த குழந்தைக்கு உயிர்மெய் என்ற ஏற்பாடு ஏற்கெனவே தெரியும். குழந்தை திணறும் இடங்கள் வேறு. கவனித்துப் பார்த்தால் இரண்டு இடங்கள்.

முதலாவது, ஓசை. தேவநாகரியில் க வரிசைக்கு நான்கு எழுத்து. ப வரிசைக்கும் நான்கு. ஒவ்வோர் ஓசைக்கும் தனி எழுத்து என்று பழகிய குழந்தையிடம் 'பாம்பு' என்று எழுதிக் காட்டினால், முதல் ப-வும் கடைசிப் பு-வும் ஒரே மாதிரிதான் ஒலிக்க வேண்டும் என்று நினைத்துப் படிக்கிறது. 'காகம்' என்ற சொல்லில் இரண்டு க. இரண்டும் ஒரே ஓசை இல்லை. 'பச்சை' வேறு, 'பஞ்சு' வேறு, 'சங்கு' வேறு. எந்த இடத்தில் எழுத்து வலிக்கும், எந்த இடத்தில் மெலியும் என்பதற்கு விதி உண்டு. ஆனால் நாம் யாரும் அதை விதியாகப் படித்தவர்கள் இல்லை, காதால் வாங்கியதுதான்.

இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது. வீட்டில் நாம் பேசுகிற தமிழ் ஒன்று, புத்தகத்தில் அச்சாகிற தமிழ் இன்னொன்று. "அவங்க வந்துட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த குழந்தை "அவர்கள் வந்துவிட்டார்கள்" என்று சிரமப்பட்டு எழுத்துக் கூட்டி முடித்த பிறகும், அது தன் வீட்டு வாக்கியம்தான் என்று அதற்குத் தெரிவதில்லை. 'இல்லாவிட்டால்', 'எனினும்', 'பார்த்துக்கொண்டிருந்தேன்' எல்லாம் அதற்கு அந்நிய மொழி. தமிழ்நாட்டுக் குழந்தைக்கு இந்த எழுத்துத் தமிழ் செய்தி வாசிப்பில், பள்ளிக்கூட மேடையில், கோயில் ஒலிபெருக்கியில் என்று நாலா பக்கமும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. சிஞ்ச்வட் குழந்தைக்கு அது விழ இடமே இல்லை. அரிச்சுவடி இந்தக் குறையைத் தீர்க்காது.

காதில் விழ வைத்தால் தீரும். ஒலிப்புத்தகத்தின் முதல் பயன் நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான்.

வாசிப்பைப் பற்றி ஆராய்கிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. காஃப், டன்மர் என்ற இருவர் 1986-ல் சொன்னது. படித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது இரண்டின் பெருக்கல்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று, அந்த மொழியைக் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் ஒன்று. பெருக்கல் என்பதைக் கவனியுங்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். எழுத்தைக் கற்றுக் கொடுத்துவிட்டு எழுத்துத் தமிழைக் காதில் போடாமல் விட்டால் கிடைப்பது என்ன என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்கு இருக்கும் இதே தொல்லை அரபு மொழிக்காரர்களுக்கும் உண்டு. அவர்களுக்கும் வீட்டு மொழி வேறு, புத்தக மொழி வேறு. சின்னக் குழந்தைகளுக்குப் புத்தக அரபு புரியாது என்று எண்ணி, கதைகளைப் பேச்சு மொழியில் மாற்றிச் சொல்வதே அங்கே வழக்கமாக இருந்தது. இஸ்ரேலில் உள்ள அரபுக் குழந்தைகளின் மழலையர் பள்ளிகளில் டைனா ஃபைட்டல்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்து 1993-ல் வெளியிட்டார்கள். சில மாதங்கள் தொடர்ந்து புத்தக அரபிலேயே கதைகளை வாசித்துக் காட்டினார்கள். அப்படிக் கேட்ட குழந்தைகள் கதையைப் புரிந்துகொள்வதிலும், அதைத் திருப்பிச் சொல்வதிலும் மற்றக் குழந்தைகளை விட மேலாக இருந்தார்கள். 'குழந்தைக்குப் புரியாது' என்பது பெரியவர்களின் பயம்தான் போலும்!

நம் அனுபவத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் வசன இசைத்தட்டு கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிக்காத ஊர் உண்டா? தருமி வரும் காட்சியை ஏற்ற இறக்கத்தோடு அப்படியே ஒப்பிக்கிறவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் செந்தமிழ் அவர்களுக்கு எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. அதன்பின் கேசட் காலம் வந்தது. வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவுக் கேசட் தேயத் தேய ஓடிய வீடுகளில் பிள்ளைகள் புராணக் கதைகளோடு நல்ல தமிழையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள்.

ஒருவர் படிக்கப் பலர் கேட்பது நமக்குப் பழக்கமான காரியம். கோயில் மண்டபத்தில் பாரதம் படித்தார்கள். திண்ணையில், எழுத்துத் தெரிந்த ஒருவர் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையை ராகம் போட்டுப் படிக்க, தெருவே உட்கார்ந்து கேட்டது. வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாகக் கேள்விக்கு என்று தனி அதிகாரம் வைத்து, படிக்காதவனும் கேட்கவாவது செய்யட்டும் என்கிறார்.

இங்கே அக்கம் பக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆளந்தி, ஒரு பக்கம் தேஹூ. ஞானேஸ்வரி பாராயணம் என்று மராத்திக்காரர்கள் ஏழு நாள் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள். எழுத்துத் தெரியாத மூதாட்டியும் கேட்டுக் கேட்டே ஓவிகளை ஒப்பிக்கிறார். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் பவனா நதிக்கரையில் சமாதி கொண்டிருக்கும் மோரயா கோஸாவி வழிபட்டது மோர்காவ் கணபதியை. அந்த மோர்காவின் பெயரைத் தாங்கிய மோர்காவ்கர் பாவா என்ற மராத்திக் கீர்த்தனக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூருக்கு வந்து கதை செய்தார். அதைக் கேட்ட தஞ்சாவூரில்தான் கிருஷ்ண பாகவதர் தமிழில் ஹரிகதையை வளர்த்தார். ஆக, தஞ்சாவூர்த் தமிழர்கள் கேட்டு மகிழ்ந்த கதாகாலட்சேபத்துக்கு நாம் இப்போது குடியிருக்கும் சீமையிலிருந்து போன வித்து உண்டு.

உழைக்கிறவர்களும் இதை விட்டு வைக்கவில்லை. கியூபாவில் 1865 முதல் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஓர் ஆள் உயரமான மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் படிப்பார். மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். 'மாண்டி கிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயரே அப்படிக் கேட்ட நாவலிலிருந்து வந்ததுதான். கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்களும் ஒருவரைப் படிக்கச் சொல்லி, அவருடைய பங்குப் பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்தார்கள். பார்வையற்றோருக்கான 'பேசும் புத்தகங்கள்' 1930-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இசைத்தட்டுகளாக வந்தன. இன்று அதே சங்கதி கைபேசிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, கேட்பது படிப்பதற்குச் சமமா? இதைக் கேட்காத தகப்பனார் இல்லை. 2019-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒன்பது பேருக்கு ஒரே கதைகளைக் கேட்கவும் படிக்கவும் கொடுத்து மூளையைப் படம் பிடித்தார்கள். பொருள் புரியும் இடங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே விளங்கின. ஒன்பது பேரை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாதுதான். இன்னொரு பக்கம், 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், பாடக் கட்டுரையை ஒலிப்பதிவாகக் கேட்ட கல்லூரி மாணவர்கள், அதையே அச்சில் படித்தவர்களைவிடப் பரீட்சையில் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். என் அபிப்பிராயம் இது: கதைக்குக் காது போதும், பாடத்துக்குக் கண் வேண்டும். பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது, ஒரு வரியில் நின்று யோசிப்பது, இதெல்லாம் காதுக்கு எளிதாக வராது. பிள்ளை கெமிஸ்ட்ரியைக் காதில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தால் எழுப்பி உட்கார வையுங்கள்.

நம் வீட்டுக் குழந்தைக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். காதில் கதை, கையில் அதே கதையின் புத்தகம், வரியின் மேல் விரல். 'பாம்பு' என்ற சொல் காதில் விழும் அதே நொடியில் கண்ணிலும் பட்டால், எந்தப் ப எப்படி ஒலிக்கும் என்ற விதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினம் பதினைந்து நிமிஷம் போதும். ஞாயிறு இரண்டு மணி நேரத்தைவிட இது மேல். பல் தேய்ப்பது போல நேரம் குறிக்காமலே நடக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு டெலிவிஷனை அணைத்துவிட்டு என்று வைத்துக்கொண்டால், பெரியவர்களும் தப்ப முடியாது.

எதிலிருந்து தொடங்குவது? சின்னக் குழந்தைகளுக்குப் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, நிலை வாரியாகப் பிரித்து. பல கதைகள் மராத்தியிலும் உண்டு. பள்ளியில் படித்த கதையே தமிழில் வந்தால் பாதி பாரம் குறையும். இவற்றை வாசித்துக் காட்ட வேண்டியது நீங்கள்தான். ஒரு பக்கக் கதைக்கு ஒலிப்பதிவு தேட வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் கல்கியை விட்டால் வழியில்லை. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தொடராக வந்தது. அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் அளவாக இருக்கும்; முடியும் இடத்தில் ஒரு கொக்கி இருக்கும். மணிரத்னத்தின் 2022, 2023 படங்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு வந்தியத்தேவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் மூலம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. பாம்பே கண்ணன் பல குரல்களைக் கொண்டு இதையும் 'சிவகாமியின் சபத'த்தையும் ஒலிப்புத்தகமாக்கியிருக்கிறார். கதை பிடிபட இது மிக நல்லது. ஆனால் எழுத்துப் பழகும் குழந்தைக்கு, பின்னணி இசை இல்லாமல் ஒரே குரலில் நிதானமாக வாசித்த பதிவே உதவும். கம்ப்யூட்டர் குரல் இப்போதைக்கு வேண்டாம். சொல்லை எங்கே பிரிப்பது என்று அது தடுமாறும் இடத்தில் குழந்தையும் தடுமாறும். வேகத்தைக் கூட்டி ஓட விடுவதும் பெரியவர்களோடு நிற்கட்டும்.

பெரியவர்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. சிஞ்ச்வட்டிலிருந்து புனே லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவருக்குப் புத்தகத்தைப் பிரிக்க இரண்டு கை ஏது? காது சும்மாதானே இருக்கிறது. கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் தாத்தாவுக்கும், அடுப்படியில் நிற்பவருக்கும் இதே கதைதான். கேட்கத் தொடங்கியவர் நாளடைவில் புத்தகத்தையும் தேடுவார் என்பது நான் என் வீட்டிலேயே கண்டது.

கடைசியாக, காசு செலவில்லாத ஒலிப்புத்தகம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பாட்டியிடம், தினம் ஓர் அத்தியாயம் வாசித்துக் கைபேசியில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். இங்கே பேத்தி அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விரல் வைத்துக் கேட்கட்டும். பாட்டி நடுவில் நிறுத்தி, "இந்த இடம் உனக்குப் புரியாது, சொல்றேன் கேளு" என்று பேச்சுத் தமிழுக்கு இறங்கி விளக்கம் சொல்வார். வாசலில் பால்காரரோடு கணக்குப் பேசுவார். விட்ட இடம் தெரியாமல் அதே வரியை இரண்டு முறை படிப்பார். எதையும் வெட்ட வேண்டாம், அப்படியே சேர்த்து வையுங்கள்.