நாட்கூலியும் நீதிமன்றப் படிகளும்

சிவனொளிபாதமலை யாத்திரைக்கு வருவோர் நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து மலையைப் பார்க்கிறார்கள். பிறகு கடைகளைப் பார்க்கிறார்கள். வரும் வழியெல்லாம் கூடை சுமந்து கொழுந்து பறித்து நின்ற பெண்களை நினைப்பவர் சிலரே. அப்பெண்களின் ஒரு நாட் சம்பளத்தை நிர்ணயிப்பவர் யார் தெரியுமா?

தோட்டத்துத் துரை என்பார் சிலர். தொழிற்சங்கத் தலைவர் என்பார் வேறு சிலர். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ அவ்வதிகாரத்தைச் சம்பள நிர்ணய சபைக்கு அளித்திருக்கிறது. முதலாளிமார் தரப்பினர், தொழிலாளர் தரப்பினர், அமைச்சர் நியமிக்கும் சிலர் ஆகியோர் கூடியதே அச்சபை. அது எடுக்கும் தீர்மானம் உடனே சட்டமாகிவிடாது. முதலில் அதைப் பகிரங்கமாக அறிவித்து, ஆட்சேபங்களை எழுத்தில் கேட்டு, அவற்றை ஆராய்ந்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். அமைச்சரின் அங்கீகாரமும் வர்த்தமானிப் பிரசுரமும் அதற்குப் பிற்பட்டவை. அந்த அறிவித்தல் லயத்து வாசல்வரை வந்து சேருகிறதா என்பது வேறு கதை!

இந்த நடைமுறையைப் பற்றித்தான் வழக்குகள் எழுந்தன. 2021 மார்ச் 5ஆந் திகதி, 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவுமாக நாளொன்றுக்கு 1,000 ரூபா என வர்த்தமானி வெளிவந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடின. ஏப்ரல் 5ஆந் திகதி மன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது.

2024இல் காற்று மாறி வீசிற்று. கொட்டகலை மேதினக் கூட்டத்தில் 1,700 ரூபா என ஜனாதிபதி அறிவித்தபோது எழுந்த ஆரவாரம் அடங்கச் சில வாரங்களே சென்றன. வர்த்தமானி முறைப்படி பிறக்கவில்லை என்று கம்பனிகள் வாதாடின. ஜூலை 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. பின்னர் சபை மீண்டும் கூடி 1,350 ரூபாவில் வந்து நின்றது. வாக்களித்த தொகையில் 350 ரூபாவைக் காணோம்! மேடையில் மாலை விழும் அவசரத்தில் நடைமுறையைச் சற்றே தளர விட்டாலும், அதற்குரிய விலையைக் கொழுந்துக் கூடைதான் கொடுக்க நேருகிறது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவிலும் இத்தகைய வழக்குகள் உண்டு. அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும் குழுக்கள் திறந்த கதவுடன் கூட வேண்டும் என 1972இல் அங்கு சட்டம் இயற்றினர். 1993இல் ஜனாதிபதியின் மனைவி ஹிலாரி கிளின்டன் தலைமையில் சுகாதாரக் குழு மூடிய கதவுக்குள் கூடவே, வைத்தியர் சங்கமொன்று வழக்குத் தொடுத்தது. அவரை அரசாங்க உத்தியோகத்தராகவே கொள்ளலாம், ஆகையால் அக்குழுவை அச்சட்டம் கட்டாது என்று மேன்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இருந்தும் கதவு திறக்கவில்லை!

நம் நாட்டு மாணவர் கையிலும் ஒரு திறவுகோல் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் தீர்மானித்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. சம்பளச் சபையில் யார் என்ன பேசினார், எந்தக் கணக்கை வைத்து எந்தத் தொகைக்கு வந்தார்கள் என்று நல்லதண்ணியில் படிக்கும் ஒரு பிள்ளை, தன் தாயின் பெயரால் ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.