சின்னஞ்சிறு காருக்கு ஒரு விளக்கு

விடுமுறை நாள்களில் பிள்ளைகளைப் பயனுள்ள வழியில் ஈடுபடுத்துவது எங்ஙனம் எனப் பெற்றோர் பலர் வினவுகின்றனர். கடையில் வாங்கிய பொம்மை இரண்டு நாள் மகிழ்விக்கும். தந்தையும் பிள்ளையும் கூடியமர்ந்து செய்த பொருளோ நெடுநாள் நெஞ்சில் நிற்கும். அத்தகைய எளிய வேலையொன்றை இத்திங்கள் எடுத்துரைக்க விழைகின்றோம். மாதிரிக் காருக்கு மெய்யாகவே எரியும் விளக்குகளைப் பொருத்துவதே அது.

2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை நம்மில் அறியாதார் இலர். அதனை 24இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமுள்ள மாதிரி கிடைக்கும். அதன் முகப்பு விளக்கின் விட்டம் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 3 மில்லிமீட்டர் எல்.இ.டி. விளக்கு அதனுள் இனிதே அடங்கும். முன்னே வெள்ளை இரண்டு, பின்னே சிவப்பு இரண்டு, இவையே போதும்.

இந்தச் சிறு விளக்குக்கும் ஒரு வரலாறு உண்டு. சிவப்பு எல்.இ.டி.யை 1962இல் நிக் ஹோலோனியாக் உருவாக்கினார். வெள்ளொளிக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. அதனைப் பெறப் பின்னும் முப்பது ஆண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. அவ்வுழைப்பிற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். பொறுமையின் பயனைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி, வேலைக்கு வருவோம். எல்.இ.டி.க்குத் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இயல்பு இல்லை. நேரே இணைத்தால் அளவுக்கு மீறி மின்சாரத்தை ஈர்த்துக் கருகிவிடும். ஆகவே ஒவ்வொரு விளக்கிற்கும் தனித்தனியே மின்தடை ஒன்று வேண்டும். சுவர்க் கடிகாரத்திற்குப் போடும் பென்சில் செல் மூன்றைத் தொடராக இணைத்தால் 4.5 வோல்ட் கிடைக்கும். வெள்ளை விளக்கு ஏறத்தாழ 3 வோல்ட் கொள்ளும். மீதி 1.5 வோல்ட்டை 0.01 ஆம்பியரால் வகுத்தால் 150 ஓம். சிவப்பு 2 வோல்ட்டே கொள்ளுமாதலின் 250 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 270 ஓம் மின்தடை பொருந்தும். விளக்கின் நீண்ட கால் நேர்முனையைச் சேர்ந்தது. கூட்டின் உட்புறத்தில் கறுப்பு வண்ணம் பூசினால் பிளாஸ்டிக்கின் வழியே ஒளி கசியாது. கம்பிகளைப் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பெரியவர்களே கையாளுக. அவ்வீயத்தைத் தொட்டபின் கைகழுவுதல் இன்றியமையாதது.

கட்டுப்பாடு ஒளியைக் கெடுப்பதன்று, காப்பதே என்பதை அந்தச் சிறு மின்தடை பிள்ளைக்குச் சொல்லாமற் சொல்லும். அறிவுரை நூறு கூறினும் இவ்வளவு தெளிவாய்ப் பதியாது.

ஆயினும் பெற்றோர்க்கு எச்சரிக்கை ஒன்று உண்டு. இடம் சிறிதென்று எண்ணி நாணயம் போன்ற பட்டன் செல்லைச் சிலர் பொருத்துவர். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் செல்லைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கக்கூடும். அங்குள்ள ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து கடுங்காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் தசையை அரித்துவிடும்; உயிருக்கே இறுதியாகவும் கூடும். தீர்ந்துபோன செல்லிலும் இக்கேட்டினைச் செய்யும் ஆற்றல் எஞ்சியிருக்கும். எச்சில் வடிதல், உணவை மறுத்தல், இருமல் ஆகியவை தோன்றலாம். எதுவுமே தோன்றாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்கச் செய்யாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே விரைக.

குழந்தை இறைவன் நம் கையில் ஒப்படைத்த கொடை. அதனைக் காப்பதும் செபத்திற்கு நிகரான கடமையே. ஆதலின் அன்பார்ந்த பெற்றோரே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், வீட்டிலுள்ள பொம்மைகளையும் ரிமோட்டுகளையும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பாருங்கள். பட்டன் செல் உள்ளவற்றின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா? இல்லையேல், குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் இன்றே வைத்துவிடுங்கள்.