கார்பன் சைக்கிளின் ஊமைக்காயம்

எவர்சில்வர் குடம் கை தவறிக் கீழே விழுந்தால் ஒரு பக்கம் நசுங்கிவிடும். தியாகராய நகர்ப் பாத்திரக் கடையில் வாங்கிய நாளிலிருந்து அது எத்தனை முறை விழுந்திருக்கிறது என்பதை அதன் உடம்பைப் பார்த்தே எண்ணிவிடலாம். இரும்புச் சைக்கிளும் அப்படித்தான். மோதினால் போர்க் வளையும், பார் நெளியும். பட்டறைக்காரர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நோக்கினால் போதும், எங்கே கோணல் என்று சொல்லிவிடுவார். உலோகம் தான் பட்ட அடியை மறைப்பதில்லை.

கார்பன் இழையால் ஆன சைக்கிள் சட்டம் மறைக்கும். அதனால்தான் பழைய கார்பன் சைக்கிளை வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் விஞ்ஞானம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சென்னையில் இத்தகைய சைக்கிள்கள் அரிதல்ல. 1949-ல் இங்கே தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 2011-ல் மாண்ட்ரா என்ற பெயரில் கார்பன் சட்டச் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றுக்கும் முன்பே, 1990 வாக்கில் வெளிநாடுகளில் விற்ற ட்ரெக் 8700, ஜயண்ட் காடெக்ஸ் போன்ற மலைச் சைக்கிள்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களின் சாமான்களோடு இப்படிப்பட்ட ஒன்று வந்து, அடையாற்றில் ஒரு மாடிப்படியின் கீழ் இருபது ஆண்டு தூங்கிவிட்டு, ஒருநாள் விலைக்கு வரலாம். பளபளப்பு குறையாமல், தூக்கினால் எடையே இல்லாமல் இருக்கும். உங்களுக்கு ஆசை வருவது இயற்கை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் முன் போர்க் ஒடிந்தால் விழுவது நீங்கள் அல்லவா? அதனால் முதலில் அந்தப் பொருளின் குணத்தைப் பார்ப்போம்.

ஒரு கார்பன் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான். நம் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இத்தகைய ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே திசையில் அடுக்கி, எபாக்சி என்னும் பிசினில் தோய்த்தால் ஒரு மெல்லிய ஏடு கிடைக்கும். ஏடுகளை வெவ்வேறு திசைகளில் சுற்றிச் சூட்டில் இறுகவைத்தால் குழாய். வாழை மரத்தில் பட்டைமேல் பட்டையாகச் சுற்றியிருக்கிறதே, அதைப் போன்ற அமைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை 7.8 கிராம், அலுமினியம் 2.7, இதுவோ 1.6 கிராம்தான். இழையின் வாக்கில் இழுத்தால் எஃகுக்குச் சளைக்காத வலிமை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சைக்கிளுக்குப் பயன்படும் எஃகு அறுவதற்குமுன் பத்து விழுக்காடோ அதற்கு மேலுமோ நீளும். கார்பன் இழை ஒன்றரை, இரண்டு விழுக்காடு நீண்டதும் அறுந்துவிடும். அதாவது, நசுங்குவது என்ற நடுநிலையே அதற்கு இல்லை. மேலும், ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே இழை கிடையாது, வெறும் பிசின்தான். ஒரு கல் தெறித்து வந்து குழாயில் மோதுகிறது என்று வையுங்கள். சுவர் ஒரு கணம் உள்ளே வளைந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வெளியே தழும்பு இல்லை. உள்ளே பிசின் கிழிந்து ஏடுகள் பிரிந்திருக்கும். அந்தப் பிரிவு உட்புறம் போகப் போகக் கூம்புபோல் விரியும். நம் ஊரில் ஊமைக்காயம் என்போமே, அதுதான் இது.

இந்தக் குணம் பெரிய நிறுவனங்களையும் படுத்தியிருக்கிறது. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்.பி. 211 விமான எஞ்சினுக்குக் கார்பன் இழையில் விசிறி அலகுகள் செய்து பார்த்தது. பறவை மோதினால் தாங்குமா என்ற சோதனையில் அவை தோற்றன. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. எஞ்சினுக்கான செலவுகள் எல்லாம் சேர்ந்து 1971-ல் அந்நிறுவனத்தைத் திவாலாக்கின. இன்று நம் தேஜஸ் போர்விமானத்தின் கட்டுமான எடையில் சுமார் 45 விழுக்காடு இத்தகைய கலப்புப் பொருள்தான். ஆனால் அதன் பாகங்களை உள்ளே ஊடுருவிச் சோதித்த பிறகே பொருத்துகிறார்கள். சைக்கிளுக்கு அந்தக் கவனிப்பு கிடைப்பதில்லை.

மயிலாப்பூரும் அடையாறும் கடலை ஒட்டிய ஊர்கள் என்பதால் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1990 வாக்கில் வந்த பல மலைச் சைக்கிள்களில் கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் செருகிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். டார்ச் விளக்கின் பழைய பாட்டரியை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் கரிக்கோல், சுற்றிலும் துத்தநாகக் குவளை. பாட்டரி உழைக்க உழைக்கத் துத்தநாகம் அரிக்கப்பட்டுப் பொத்தலாகும். கரிக்கோலுக்கு ஒன்றும் ஆகாது. கார்பன் இழையும் மின்சாரத்தைக் கடத்தும். பசை விட்டுப்போன இடத்தில் அது அலுமினியத்தைத் தொட்டு, உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. கடல்நீரில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வோல்ட் வேறுபாடு உண்டு. துத்தநாகத்தின் கதிதான் அலுமினியத்துக்கும்.

அலுமினியம் அரிபட்டு ஹைட்ராக்சைடு ஆகும்போது கனஅளவு என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 கிராம் அலுமினியம் 10 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அது 78 கிராம் ஹைட்ராக்சைடாக மாறினால் 32 கன சென்டிமீட்டர். மூன்று மடங்குக்கு மேல்! இவ்வளவும் மூட்டின் உள்ளே புகுந்து நெருக்கினால் பசை எப்படிப் பிடித்திருக்கும்? இதைக் கண்ட பின்னர் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையை ஒரு சுற்றுச் சுற்றும் வழக்கம் வந்தது. பழைய சைக்கிளில் அது இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. நம் கடற்கரைப் பகுதியில் கிடந்த சைக்கிளில் குழாய்க்கு முன்னால் மூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனிச் சோதனைக்கு வருவோம். முதலில் சைக்கிளைக் கழுவித் துடைத்துவிடுங்கள். அழுக்கின் மேல் எந்தச் சோதனையும் செல்லாது. மூட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி, கொப்பளித்த பெயின்ட், நூல்போன்ற வளையக் கோடு இருக்கிறதா? சீட்டைத் தாங்கும் தண்டைக் கழற்றச் சொல்லுங்கள். வர மறுத்தால் உள்ளே அரிப்பு பூத்து இறுகியிருக்கக்கூடும். விற்பவர் "அது எப்போதும் அப்படித்தான்" என்பார்! பிறகு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் குழாய்களைப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். பஞ்சுத் துண்டை மெல்ல இழுத்துச் சென்றால், அறுந்த இழை இருக்குமிடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். தப்பிய செயின் அறுத்த கீறல், பெடல் அச்சுக்குப் பின்னால் வலப்பக்கத் தண்டில் இருக்கும். கல் அடி பெரும்பாலும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில்.

அடுத்தது நாணயச் சோதனை. மாட வீதியில் பொங்கல் பானை வாங்கும் பாட்டி சுண்டிப் பார்ப்பதில்லையா? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பானை முழுவதும் ஒன்றாக அதிர்வதால் ஒரு சுண்டலே போதும். கார்பன் குழாயில் கேட்கும் ஒலி தட்டிய இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். எனவே ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பால் விரலகலத்துக்கு ஒரு தட்டாக, ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் "டக், டக்" என்று கூர்மையாக ஒலிக்கும். பிரிந்த இடம் "தொப்" என்று மந்தமாக ஒலிக்கும். ஏன்? பிரிட்டனைச் சேர்ந்த கௌலி, ஆடம்ஸ் என்ற இருவர் 1988-ல் இதை விளக்கினார்கள். கெட்டியான சுவரில் பட்ட நாணயம் உடனே துள்ளி எழுகிறது. பிரிந்த ஏடு மெத்தைபோல் அமுங்கிக் கொடுப்பதால் நாணயம் அங்கே சற்று அதிக நேரம் தங்குகிறது. தட்டு நீளும்போது உயர்ந்த அதிர்வெண்கள் எழுவதில்லை. விமானப் பராமரிப்பிலும் இந்தத் தட்டல் முறை உண்டு.

ஒரு எச்சரிக்கை. மூட்டருகே சுவர் தடிப்பதால் அங்கே ஒலி இயல்பாகவே மாறும். அதைக் கேட்டுப் பயந்துவிடாமல், இடப்புறத்தையும் வலப்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தடித்த பாகத்தின் ஆழத்திலுள்ள பிரிவும், மூட்டுக்குள் விட்டுப்போன பசையும் நாணயத்துக்கு அகப்படா. அவற்றுக்கு மீயொலிதான் வழி. வயிற்றை ஸ்கேன் செய்வதுபோலக் களிம்பு தடவி ஒலியலையைச் செலுத்தினால், ஏடு பிரிந்த இடத்திலிருந்து எதிரொலி முன்னதாகவே திரும்பிவிடும். அடையாற்றை ஒட்டியுள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய சேதமில்லாச் சோதனைகளை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லவில்லை. பொருளின் உள்ளே பார்ப்பது எவ்வளவு பெரிய துறை என்பதற்காகச் சொன்னேன்.

சட்டத்தின் நடுக்குழாயில் காயம் இருந்தால் பழுதுபார்க்கலாம். கெட்ட ஏடுகளைச் சரிவாகத் தேய்த்தெடுத்து, அதே திசைகளில் புது ஏடுகளை ஒட்டுவார்கள். தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வேடிக்கை பார்க்கப் போனாலும் முகமூடி அணியுங்கள். ஆனால் கார்பன் போர்க்கிலோ ஹேண்டில் பாரிலோ சந்தேகம் எழுந்தால் பழுதுபார்க்க நினைக்காதீர்கள். புதியது மாற்றுவதற்கு ஆகும் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அதற்கு இணங்காவிட்டால் விட்டுவிடுங்கள். மூட்டில் வெள்ளைப் பொடியும், அழுத்திப் பெடல் செய்தால் கிறீச்சொலியும் சேர்ந்தே இருந்தால், அந்தச் சட்டம் சுவரில் மாட்டி அழகு பார்க்க மட்டுமே உதவும்.

தேறிய சைக்கிளை வாங்கி வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பெசன்ட் நகர்க் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மூட்டுகளைத் துடைத்து உலரவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சீட்டுத் தண்டை வெளியே எடுத்து, குழாயின் உள்வாயையும் துடைத்து, அதற்கென விற்கும் பசையைத் தடவித் திரும்பச் செருகுங்கள்.