பட்டியலில் முதலிடம்

இங்கிலாந்தில் வாரத்துக்கு வேண்டிய மளிகைச் சாமான்களை வீட்டிலிருந்தபடியே கணினியில் வாங்குகிற ஒருவர், ‘சீஸ்’ என்று தேடியதும் திரையில் வந்து குவிகிற பல பத்து வகைகளில் மேலே நிற்கும் நாலைந்தை மட்டும் பார்த்து, அவற்றுள் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த சாமானுக்குப் போய்விடுவது மனித சுபாவம். பந்தியில் முதலில் இலையில் விழுகிற பதார்த்தத்துக்குத்தானே முதல் மரியாதை. கடைசியில் வருவது எத்தனை உத்தமமானதாயினும் அதற்கு வயிற்றில் இடம் இருப்பதில்லை.

இந்தச் சுபாவத்தை ஆரோக்கியத்துக்கு அநுகூலமாகத் திருப்ப முடியுமா என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பரீட்சித்து, 2019-இல் அதன் பலனை வெளியிட்டார்கள். பணம் கைமாறாத மாதிரிக் கடை ஒன்றை இணையத்தில் அமைத்து, வந்தவர்களிடம் ஒரு சாமான் சீட்டைக் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். சிலருக்கு, இதயத்துக்குக் கேடு விளைவிக்கும் நிறைவுற்ற கொழுப்பு குறைந்த பண்டங்கள் மேலேயும் மிகுந்தவை கீழேயுமாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தன. வேறு சிலருக்கு வரிசை மாறவில்லை. அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதற்குப் பதிலாகக் கொழுப்பு குறைந்த இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று திரை யோசனை கூறிற்று. இரண்டு உபாயங்களுமே கூடையிலிருந்த கொழுப்பைக் குறைத்தன. ஆயினும் யோசனை சொன்னதைவிட, வாய் திறவாமல் வரிசையை மாற்றியதே அதிகமாகக் குறைத்தது.

இதில் எனக்கு ஆச்சரியமில்லை. கூடையில் போட்ட பொருளின்மேல் ஒரு பாத்தியதை பிறந்துவிடுகிறது. அதன் பின் வரும் புத்திமதி, எவ்வளவு விநயமாகச் சொல்லப்பட்டாலும், குற்றம் கண்டுபிடிப்பதாகவே தொனிக்கிறது. பொட்டலத்தின் முகப்பில் அச்சிடுகிற சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்களும் இவ்விடத்தில் அதிகம் உதவுவதில்லை. பிரிட்டனின் கணக்கில் 100 கிராமில் 5 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு இருந்தாலே சிவப்பு. செடார் சீஸிலோ அது சுமார் 21 கிராம். கொழுப்பைக் குறைத்துச் செய்த செடாரும் பெரும்பாலும் சிவப்புக்குத் தப்புவதில்லையாதலால், நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. வரிசையோ அவற்றைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இடத்தின் மகிமையை அந்நாட்டு அரசாங்கமும் உணராமலில்லை. 2022 அக்டோபர் 1 முதல் அமலிலுள்ள சட்டம், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த மிட்டாய், பிஸ்கட், சிப்ஸ் முதலானவற்றைப் பெரிய கடைகளின் வாசலிலும் பணம் கட்டும் இடத்திலும் வைக்கலாகாதென்று விதித்ததோடு, இணையக் கடையின் முகப்புப் பக்கத்துக்கும் பணம் செலுத்தும் பக்கத்துக்கும் அதே தடையை நீட்டித்திருக்கிறது. ஆனால் வெண்ணெயும் சீஸும் அதன் ஜாபிதாவில் இல்லை. சீஸ் என்று தேடுகிறவருக்கு எந்த சீஸை முதலில் காட்டுவது என்பது இன்றும் கடைக்காரரின் இஷ்டம்தான்.