மேல் வீட்டுத் தரை, கீழ் வீட்டுக் கூரை

எங்கள் வீட்டு நடையில், பாத்ரூம் கதவுக்கு மேலே, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓதம் பிடித்தது. போன வருடம் ஐப்பசி மாசம். ஏழு மாடிக் கட்டடத்தில் நாங்கள் ஐந்தாவது மாடி. ஆறாவது மாடியில் இருப்பவர் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போய்ச் சொன்னேன், உடனே இறங்கி வந்து பார்த்தார். கூட வந்த பிளம்பர் அண்ணாந்து ஒரு பார்வைதான் பார்த்தார். "சார் வீட்டு பாத்ரூம்தாண்ணே. டைல்ஸை ஒடச்சு வாட்டர்ப்ரூஃப் பண்ணிட்டா தீந்துரும்" என்றார். நானும் தலையாட்டினேன். சார் மறுபேச்சு பேசவில்லை. பத்து நாள் தூசி, நாற்பத்தெட்டாயிரம் ரூபாய் செலவு. மூன்றாவது வாரம் தட்டு திரும்பி வந்தது. இந்த முறை தாம்பாளம்.

என் தொழிலில், பிழை எங்கே என்று கண்டுபிடிக்காமல் நிரலைத் திருத்துகிறவனை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். அதே காரியத்தை, அடுத்தவர் காசில், அடுத்தவர் வீட்டில் செய்ய வைத்திருக்கிறேன். அந்த உறுத்தலில் படித்ததும், அளந்து பார்த்ததும், ஷாஃப்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததும்தான் இந்தக் குறிப்புகள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மதுரைக்கு அடுக்குமாடி புதுசு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்பதால் உயரமான கட்டடங்கள் எல்லாம் ஊருக்கு வெளியே அங்கிட்டுத்தான் முளைத்தன. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் 'உயரமான கட்டடம்'. எங்கள் ஏழு மாடி அந்தக் கணக்கில் வந்துவிடுகிறது. ஆனால் குடியிருக்கிற எங்களில் பாதிப் பேர் தனி வீட்டில் வளர்ந்தவர்கள். அங்கே குழாய் வெளிச்சுவரில் ஓடும், ஒழுகினால் நம் சுவர், நம் தண்ணி. இங்கே என் கூரை இன்னொருவரின் தரை. இது மண்டையில் ஏற எனக்கு ஆறு வருடம் ஆயிருக்கு.

ஓதத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எங்கிருந்து வருது என்பது இல்லை. எந்தத் தண்ணி என்பது. அடுக்குமாடியில் மூன்று தண்ணிதான் உண்டு. மாடித் தொட்டியிலிருந்து அழுத்தத்தோடு வரும் நல்ல தண்ணி, பயன்படுத்திய பின் இறங்கும் கழிவுத் தண்ணி, மழைத் தண்ணி. மூன்றுக்கும் நேரம் வேறு. அழுத்தக் குழாய் விரிசல் விட்டால் ராத்திரி பகல் பார்க்காமல், யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் கசியும். கழிவுக் குழாய் என்றால் யாரோ குளிக்கிறபோது, துவைக்கிறபோது மட்டும். மழைத் தண்ணி மழைக்குப் பின், சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்து.

ஒரு பென்சிலை எடுத்து ஓதத்தின் ஓரத்தைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதினேன். காலை, மதியம், இரவு. பெயிண்ட் போச்சே என்று வீட்டில் ஒரே சத்தம். மூன்று வாரத்தில் கூரை மதுரை மாவட்ட வரைபடம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் கோடுகள் பேசின. புதன் மதியம், ஞாயிறு மதியம் மட்டும் பெரிதானது. இரவில் அசையவே இல்லை. மார்கழி பிறந்து மழையும் நின்றிருந்தது. ஆக, கழிவுத் தண்ணி.

இந்த இடத்தில்தான் பாத்ரூம் தரை நம்மை ஏமாற்றும். நம் ஊர் அடுக்குமாடிகளில் பாத்ரூம் தளத்தை மற்ற இடத்தைவிட ஏறக்குறைய ஒரு அடி தாழ்த்திப் போடுகிறார்கள். அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாயைப் படுக்க வைத்து, உடைந்த செங்கல்லைக் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ். ஐந்துக்கு எட்டு பாத்ரூம் என்றால் பள்ளம் 40 கன அடி, அதாவது 1,130 லிட்டர் சொச்சம். செங்கல் இடுக்குகள் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 375 லிட்டர் தண்ணி டைல்ஸுக்கு அடியில் சத்தமில்லாமல் தேங்கலாம். டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்ட் தேய்ந்து சொட்டுச் சொட்டாக இறங்கினாலே போதும், கொஞ்ச நாளில் ஒரு ரகசியத் தொட்டி. மேலே பாத்ரூமைப் பூட்டிவிட்டாலும் கீழே வாரக் கணக்கில் சொட்டும். "நாங்க குளிக்கவே இல்லையே, எங்க தண்ணி இல்ல" என்பதும் தப்பாகப் போகும், "அவங்க தண்ணிதான்" என்பதும் தப்பாகப் போகும்.

புதிதாகக் கட்டும்போதோ உடைத்துப் போடும்போதோ மூன்று வேலை செய்தால் இந்தத் தொட்டி உருவாகாது. பள்ளத்தின் அடித்தளத்துக்கே ஷாஃப்ட் பக்கமாக வாட்டம் கொடுக்க வேண்டும். அடியில் ஒரு சின்னக் குழாயை வைத்து ஷாஃப்டுக்குள் நீட்டி விட வேண்டும். தேங்கியது அதன் வழியாக வெளியேறும், அதில் தண்ணி வந்தாலே மேலே கோளாறு என்று தெரியும். அப்புறம், வாட்டர்ப்ரூஃப் பூசிய பிறகு, செங்கல் கொட்டுவதற்கு முன்னால், பள்ளத்தில் தண்ணியைக் கட்டி இரண்டு நாள் விட்டுக் கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மேஸ்திரி "நல்லாத்தான் சார் அடிச்சிருக்கு" என்பார். சரிங்க மேஸ்திரி, தண்ணி கட்டுங்க என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

எங்கள் கதைக்கு வருகிறேன். தேங்கிய தண்ணி புதன், ஞாயிறு பார்க்காது. கிழமை பார்த்து வருவது யாருடைய தண்ணி? சாரும் அவர் மனைவியும் தினமும் துவைக்கிறவர்கள். ஏழாம் மாடி அக்காவிடம் கேட்டேன். "வேலைக்குப் போறதால வாரத்துக்கு ரெண்டு நாள்தாந் தம்பி மிஷின் போடுறது" என்றார். அடுத்த ஞாயிறு, மிஷின் தண்ணியைத் தள்ளுகிற நேரத்தில் அந்தக் குழாயில் அரை பாட்டில் சொட்டு நீலத்தை ஊற்றினோம். நான் எங்கள் வீட்டு ஜன்னல் வழியே ஷாஃப்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம். செங்குத்துக் குழாயின் வெளிப்புறமாக நீலம் வழிந்து வந்தது. எங்கள் கூரை மட்டத்தில் இருந்த கிளாம்ப்பில் பட்டுச் சிதறியது. அதற்கு நேர் எதிரே, கட்டும்போது சாரக் கம்புக்கு விட்ட ஓட்டை அடைக்கப்படாமல் வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

ஏழாம் மாடியில் குழாயைச் சுவரோடு பிடித்து நிறுத்த வேண்டிய கிளாம்ப் இல்லை. மிஷின் பம்ப் தண்ணியை வேகமாகத் தள்ளத் தள்ள, ரப்பர் வளையம் போட்ட இணைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. சரிசெய்ய ஆன செலவு 1,800 ரூபாய். ஆறாம் மாடியில் உடைத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கழிவுத் தண்ணியில் இன்னொரு சங்கதி, ஒழுகாமலே கெடுதல் செய்வது. பாத்ரூம் தரையில் ஜாலிக்குக் கீழே இருக்கும் வளைவை நஹானி டிராப் என்பார்கள். மராத்தியில் குளிக்கும் இடத்துக்கான சொல் இப்படி நம் பிளம்பர்கள் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வளைவில் இரண்டு அங்குலம் போல நிற்கும் தண்ணிதான் சாக்கடைக் காற்றுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே கதவு. 2003-ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் ஆமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் முன்னூறுக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, 42 பேர் இறந்தார்கள். விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டிய வழிகளில் முக்கியமானது இந்தக் காய்ந்துபோன தரை டிராப்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போடப் போட, கழிவுக் குழாயிலிருந்த கிருமித் திவலைகள் வீட்டுக்குள் இழுக்கப்பட்டன. எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரு, துபாய். சித்திரை வெயிலில் அந்த டிராப்கள் எத்தனை நாள் ஈரமாக இருக்கும்? சாவி வைத்திருப்பவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு வாளித் தண்ணி ஊற்றினால் போதும். நீண்ட நாள் பூட்டுவதாக இருந்தால் அந்தத் தண்ணிக்கு மேல் ரெண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றலாம், சீக்கிரம் ஆவியாகாது.

அழுத்தத் தண்ணிக்குக் கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். மாடிக்கு மூன்று மீட்டர் வீதம், தொட்டிக்கு அடியிலேயே இருக்கும் வீட்டில் 0.3 பார் கிடைத்தாலே பெரிது. ஷவர் அழும். அதே தொட்டித் தண்ணி தரைத் தளத்தில் 2 பாருக்கு மேல். பதினைந்து மாடியானால் 4.5 பார். அதனால்தான் உயரமான கட்டடங்களில் கீழ் மாடிகளுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு, மேல் மாடிகளுக்குத் தனி பம்ப். இது இல்லாத கட்டடத்தில் மேலே இருப்பவர் பம்ப் வேண்டும் என்று சண்டை போடுவார், கீழே இருப்பவருக்கு ஃபிளஷ் டேங்க் வால்வு வருடத்துக்கு ஒன்று போகும். இரண்டும் ஒரே நோய்.

அதோடு, கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே மூடிக்கொள்ளும் இப்போதைய குழாய்கள். ஓடும் தண்ணியைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயைக் குத்தும். ரஷ்யாவின் ஜுகோவ்ஸ்கி 1898-ல் இதற்குச் சூத்திரம் கொடுத்தார். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணியைச் சட்டென நிறுத்தினால் உலோகக் குழாயில் பத்து பாருக்கு மேல் எகிறும். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் இதைவிடக் குறைவு, ஆனால் ஒரு நாளைக்கு நூறு தடவை. சுவருக்குள் 'டொக்' என்று கேட்டால் அதுதான். குழாயை நிதானமாக மூடுங்க, அவ்வளவுதான்.

சுவருக்குள் அழுத்தக் குழாய் கசிகிறதா என்று டைல்ஸை உடைக்காமலே பார்க்கலாம். சில நூறு ரூபாய்க்கு அழுத்தமானி கிடைக்கிறது. வாஷிங் மிஷின் குழாயில் மாட்டி, எல்லாக் குழாயையும் மூடி, வீட்டுக்கு வரும் மெயின் வால்வையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். வால்வு சரியாக மூடியிருந்து முள் இறங்கினால், ஃபிளஷ் டேங்க் உட்பட எங்கேயோ ஓட்டை. நிற்கிறதா, அழுத்தக் குழாய் நிரபராதி. கீசரிலிருந்து வரும் குழாயையும் ஒரு பார்வை பாருங்கள். வெந்நீருக்கு சிபிவிசி போட வேண்டிய இடத்தில், கையில் இருந்த சாதா பிவிசி துண்டை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சூட்டில் அது இளகி இணைப்பு விட்டுப்போகும். போர் தண்ணி உப்புத் தண்ணி என்றால் கீசரின் பாதுகாப்பு வால்வும் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். குடிநீர்த் தரக் கணக்கில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. உங்கள் போர் தண்ணி அதைத் தாண்டினால் வருடம் ஒருமுறை கீசரைத் திறந்து பார்த்தே ஆகணும்.

ஆனால் உண்மையில் எங்கள் கட்டடத்தில் பெரிய வெள்ளம் வந்தது குழாய் வெடித்து இல்லை. தண்ணி வராத நேரத்தில் ஒருவர் குழாயைத் திறந்து பார்த்து, மூட மறந்து, குடும்பத்தோடு அழகர்கோவில் போய்விட்டார். தண்ணி வந்தது. லிஃப்ட் நான்கு நாள் ஓடவில்லை. வெளியூர் போகிறவர்கள் மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.

மழைத் தண்ணிக்கு நம் ஊர்க் கொத்தனார்களின் பழைய வைத்தியமே நல்ல வைத்தியம். தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் வாட்டத்தோடு போட்டு, அதன் மேல் தட்டோடு. கெடுவது பெரும்பாலும் வடிகால் வாயில்தான். புறா இறகும் அரச இலையும் அடைத்துக்கொள்ளும். ஐயாயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் 23,000 லிட்டர், ரெண்டு லாரித் தண்ணி. 2024 அக்டோபர் 25 அன்று செல்லூரை மூழ்கடித்தது மாதிரி ஒரு மழை வந்தால் அவ்வளவும் கொஞ்ச நேரத்தில் அந்த நாலு அங்குல வாய் வழியாகத்தான் போயாகணும். புரட்டாசியில் ஒருவர் மாடிக்கு ஏறிக் கையை விட்டு அள்ள வேண்டும். எங்களுக்கு அது வாட்ச்மேன் வேலை என்று நினைத்திருந்தோம், அவர் செக்ரட்டரி வேலை என்று நினைத்திருந்தார்.

கடைசியில் காசு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ன் 14-வது பிரிவு, வீட்டை ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து சொன்னால் கட்டியவர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. மாட்டாத கிளாம்ப்பும் அடைக்காத ஓட்டையும் அதில் அடங்கும் என்பது என் வாசிப்பு. எங்களுக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது. ஐந்தாம் வருடம் முடிவதற்குள் ஒருமுறை ஷாஃப்ட் முழுக்க டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் எழுத்தில் கொடுத்திருக்கலாம். எல்லா வீட்டுக்கும் பொதுவான குழாய்கள் அதே சட்டத்தில் பொதுப் பகுதிக் கணக்கு, ஆகவே சங்கச் செலவு. இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள தளம்தான் தகராறு. சிங்கப்பூரில் அரசு கட்டிய ஹெச்டிபி வீடுகளில், மேல் தளம் கசிந்தால் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சேர்ந்தே பொறுப்பு. உதவித் திட்டத்தில் வந்தால் பாதிச் செலவை ஹெச்டிபி ஏற்க, மீதியை இருவரும் கால் கால் பங்காகப் போடுகிறார்கள். யார் தப்பு என்று முதலில் நிரூபிக்க வேண்டியதில்லை என்பதால் மேல் வீட்டுக்காரர் கதவைத் திறந்து விடுகிறார். இங்கே கதவைத் திறப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி ஆகிவிடுகிறது.

இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னேன். சாருடைய நாற்பத்தெட்டாயிரத்தில் பாதியைச் சங்கமும் கால் பங்கை நானும் தருவது என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். சார் வேண்டாம் என்கிறார். "பாத்ரூம் பழசாத்தான் இருந்துச்சு தம்பி, விடுங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். காசோலை இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. கூரையில் பென்சில் கோடும் அழிக்காமல் இருக்கிறது. வரும் ஐப்பசி தாண்டட்டும், பெயிண்ட் அடிச்சுக்கலாம்.