கதவு சாத்தியாச்சு... கார் நம்ப மாட்டேங்குதே!

நாலு கதவையும் நல்லா சாத்தியாச்சு. ஆனாலும் டேஷ்போர்டுல 'கதவு திறந்திருக்கு'ன்னு விளக்கு முறைக்குதா? உள்ளே ரூஃப் லைட்டும் அணையலையா? அசால்ட்டா விட்டுடாதீங்க பாஸ்! 12 வோல்ட்டில் 5 வாட் பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-ஹவர் காலி. சின்ன கார் பேட்டரி மொத்தமே 35தான். லைட்டை அணைக்க டைமர் இல்லாத கார்னா, வெள்ளி ராத்திரி நிறுத்தினா திங்கள் காலையில காலேஜுக்கு பஸ்தான்!

குற்றவாளி யாரு? பழைய கார்களில் கதவுச் சட்டத்தில் துருத்திக்கிட்டிருக்கும் பட்டன் ஸ்விட்ச். புதுசுல அது கதவு லாக்குக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கும்.

புது ஸ்விட்ச் வாங்க ஓடாதீங்க. முதல்ல மல்டிமீட்டர்! ஸ்விட்ச்சோட சாக்கெட்டைக் கழற்றி, 'பீப்' மோடில் அதன் ரெண்டு முனையிலும் வைங்க. ஒரே முனைதான்னா, இன்னொரு புரோப் ஸ்விட்ச்சோட உலோக உடம்பில். இப்போ ஸ்விட்ச்சை அமுக்கி விடுங்க. பீப் மாறலையா? ஸ்விட்ச் அவுட். கான்டாக்ட் கிளீனர் அடிங்க, மசியலைன்னா மாத்துங்க.

பீப் மாறுதா? ஸ்விட்ச் நிரபராதி! வயரைப் பிடிங்க. லாக் ஸ்விட்ச்னா, கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய் இருக்கும். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி, வயர் அதுக்குள்ளதான் அறும்.

"சாக்கெட்டைக் கழட்டியே விட்டுடு"ன்னு சிலர் ஐடியா கொடுப்பாங்க. பல கார்களில் விளக்கு அணையும்தான். ஆனா அப்புறம் பின்சீட்டுல தங்கச்சி கதவை சரியா சாத்தாட்டாலும் கார் வாயே திறக்காது. காரோட வாயை அடைக்காதீங்க. வயரை சரி பண்ணுங்க!