ஆளுக்கொரு ராஜா

கோலார் தங்கவயல் ரயில் பாதையின் கடைசி நிலையம் மாரிக்குப்பம். பொழுது விடியும் முன்பே அங்கிருந்து பெங்களூருக்கு ரயில் புறப்பட்டுவிடும். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பெமல் நகர் என்று வழிநெடுக ஆள் ஏறி, பங்காரப்பேட்டை வருவதற்குள் பெட்டியில் நிற்க இடமிருக்காது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் பிழைப்பு இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. கட்டட வேலை, காவல் வேலை, கடை வேலை, கணினி வேலை எதுவானாலும் நூறு கிலோமீட்டர் போய், நூறு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும்.

பெட்டியில் தமிழ்க் குரல்கள்தான் அதிகம் கேட்கும். கூடவே கன்னடம், தெலுங்கு, தக்காணி உருது, பழைய ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் ஆங்கிலம். செல்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிற இந்தக் கூட்டம் முழுவதற்கும் பொதுவான ஓர் இசையமைப்பாளர் உண்டென்றால் அவர் இளையராஜாதான். ஆனால் எந்த இளையராஜா என்று கேட்டுப் பார்த்தால் பதில்கள் பிரிந்துபோகும். தமிழர் 'அன்னக்கிளி'யையும் '16 வயதினிலே'யையும் சொல்வார். கன்னடருக்கு அவர் சங்கர் நாக் நடித்த 'கீதா'வின் இசையமைப்பாளர். தெலுங்கருக்கு 'சாகர சங்கமம்'. கித்தார் பழகும் பையனுக்கு 'பயணங்கள் முடிவதில்லை'யில் கித்தார் கலைஞர் சந்திரசேகர் வாசித்த அந்த ஒரு பாட்டின் தொடக்கம். ஒவ்வொருவரும் தன் ராஜாவையே முழு ராஜா என்று நம்புகிறார்.

இப்படிப் பல முகம் கொண்ட ரசிகர் கூட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே கால் வைத்தது. பூமிக்குள் இறங்க ஆள் வேண்டியிருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். மேலே இங்கிலாந்துக்காரர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் கிளப், நடனம், தேவாலயப் பாடல் என்று வாழ்ந்தார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. மண்ணுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேர் விட்டது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழைப் பின்னாளில் அப்பாதுரையார் இங்கிருந்துதான் நடத்தினார். ஒரே லைன் வீட்டு வரிசையில் மாரியம்மன் கூழும், பௌத்த வழிபாடும், கிறிஸ்துமஸ் கேரலும் அடுத்தடுத்து நடந்த ஊர் இது.

இங்கிருந்து வெகு தொலைவில் இன்னொரு தமிழ்த் தொழிலாளர் உலகம் இருந்தது. தேவிகுளம், மூணாறு தேயிலைத் தோட்டங்கள். மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தமிழர் நிறைந்த தேவிகுளம் கேரளத்தோடு நின்றுவிட்டது. 1958-இல் அங்கே நடந்த இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஊர் ஊராகப் பாடினார். அந்தக் காலத்தில்தான் அவருடைய தம்பி, பதினான்கு பதினைந்து வயது ராசையா, அண்ணனின் குழுவோடு மேடை ஏறத் தொடங்கினான். பின்னாளில் இளையராஜா ஆன அந்தப் பையன் முதன்முதலில் பார்த்த கூட்டம் எது என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். சபா அரங்கின் ரசிகர்கள் அவன் முன்னால் இல்லை. இன்னொரு மொழிக்காரரின் மாநிலத்தில் கூலிக்கு உழைத்து, மாலையில் களைத்து வந்து உட்கார்ந்த தமிழர்கள் இருந்தார்கள். தங்கவயலின் தாத்தா பாட்டிகளும் அதே வகை மனிதர்கள்தான். சினிமாவில் அவர் பாட்டு வந்தபோது இந்த ஊர் அதை உடனே தன்னுடையதாக எடுத்துக்கொண்டதற்கு, இந்தப் பழைய உறவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

ஆனால் நாட்டுப்புற மெட்டு மட்டும் இருந்திருந்தால் கிராமத்துக் காது மட்டுமே கிடைத்திருக்கும். சென்னைக்கு வந்த ராசையா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்தார். வெங்கடேஷ் கன்னட சினிமாவில் பெரும்பெயர் பெற்ற இசையமைப்பாளர். ஆகவே 1976-இல் 'அன்னக்கிளி' வரும் முன்பே கன்னடப் பாட்டின் நெளிவு சுளிவு இளையராஜாவின் கைக்குப் பழகியிருந்தது.

அவர் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் மீதி விளங்கும். இயக்குநர் காட்சியைச் சொன்னதும் மெட்டு பிறக்கும். பிறகு வயலின் வரிசைக்கு என்ன, புல்லாங்குழலுக்கு என்ன, பேஸ் கித்தாருக்கு என்ன, தபேலாவுக்கு எங்கே ஓய்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நோட்ஸ் எழுதிவிடுவார். அதைப் பார்த்துக் கலைஞர்கள் வாசிப்பார்கள். பாடகர் ஒரு மெட்டில் போய்க்கொண்டிருக்க, பேஸ் கித்தார் அடியில் இன்னொரு மெட்டில் போகும். வயலின்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். மேற்கத்திய செவ்வியல் இசையில் பாக் கையாண்ட எதிர்மெட்டு உத்தி இது. இதைத் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கும் உறுத்தாமல் உட்கார வைத்ததுதான் அவருடைய பெரிய சாதனை.

இதன் விளைவு என்ன? ஒரே பாட்டுக்குள் பல வாசல்கள். வயலில் களை எடுத்த பாட்டிக்கு மெட்டும் சொல்லும் போதும். தேவாலயக் குழுவில் நான்கு குரல்களாகப் பிரிந்து பாடிப் பழகியவருக்கு வயலின்களின் அடுக்கு தன் வீட்டுச் சமாசாரமாகக் கேட்கும். கிளப் நடனத்துக்கு வாசித்த குடும்பத்தில் பிறந்தவர் சசிதரனின் பேஸ் கித்தாரையும் விஜி மானுவேலின் கீபோர்டையும் பின்தொடர்ந்து போவார். ராகம் தெரிந்தவர் ராகத்தைப் பிடிப்பார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் பிடிக்கும்படி மேம்போக்காகச் செய்யப்படும் பாட்டுகள் ஏராளம். இங்கே நடந்தது நேரெதிர். ஒவ்வொரு அடுக்கும் அந்தந்தத் துறைக்காரரே மதிக்கும் அளவுக்குத் தேர்ச்சியோடு எழுதப்பட்டது.

துறைக்காரர்கள் சண்டையும் போட்டார்கள். 1985-இல் வந்த 'சிந்து பைரவி'யில், காம்போதியில் பாடப்படும் தியாகராஜர் கீர்த்தனை ஒன்றைச் சாரமதியில் அமைத்தார். சபாக்களில் முணுமுணுப்பு எழுந்தது. அதே படத்துக்காக அவருக்குத் தேசிய விருதும் வந்தது. அடுத்த ஆண்டு வெளியான 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். சினிமாப் பாட்டென்றால் முகம் சுளித்த பலரை அவருடைய ரசிகர்களாக்கிய தொகுப்பு அது. 2005-இல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு சேர்த்துப் பதிவு செய்தார். அந்தச் சைவ நூலின் இசை வடிவத்தை முன்னின்று கொண்டுவந்தவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். ரசிகர் கூட்டத்தின் அகலத்தைச் சொல்ல இந்த ஒரு செய்தியே போதும்.

தங்கவயல்காரர்களுக்கு இதில் மிக நெருக்கமானது கன்னட ராஜாவின் கதை. 1981-இல் 'கீதா' வந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய அதன் காதல் பாட்டு இன்றும் கர்நாடகத்தில் கல்யாண வீடுகளில் ஒலிக்கிறது. அதே மெட்டு 1984-இல் 'நூறாவது நாள்' படத்தில் தமிழ் பேசியது. 2007-இல் அமிதாப் பச்சன் நடித்த 'சீனி கம்' படத்தில் இந்தி பேசியது. மூன்று மொழிக்காரர்களும் அதைத் தங்கள் மொழியில் பிறந்த பாட்டு என்றே நினைக்கிறார்கள். பிறந்த இடம் கன்னடம் என்று தெரியும்போது தமிழ் ரசிகர்களுக்கு ஏற்படும் வியப்பு அலாதியானது. 1983-இல் மணிரத்னம் தன் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி'யைக் கன்னடத்தில் எடுத்தபோதும் இசை இவர்தான். அந்தப் படத்தின் கருப்பொருள் இசையைப் பிறகு ஐடியா செல்போன் கம்பெனி விளம்பரத்தில் பயன்படுத்தியது. படத்தின் பெயரே கேள்விப்படாத லட்சக்கணக்கானோருக்கு அந்த மெட்டு மனப்பாடம்.

அதே 1981-இல் டாக்டர் ராஜ்குமார் நடித்த 'நீ நன்ன கெல்லலாரே' படத்துக்கும் இளையராஜா இசையமைத்தார்; ராஜ்குமாரே அதில் பாடினார். மறு ஆண்டு, கல்வியில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்ட கோகாக் இயக்கத்தை முன்னின்று நடத்தியவரும் அதே ராஜ்குமார்தான். தமிழ்வழியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த தங்கவயல் குடும்பங்களுக்கு அது கவலையான காலம். பத்தாண்டு கழித்து இன்னும் கடுமையான காலம் வந்தது. 1991 தீபாவளிக்கு இளையராஜா இசையமைத்த 'தளபதி' வெளியானது. அடுத்த மாதமே காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பாட்டு கலவரத்தைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. ஆனால் கன்னடத் தயாரிப்பாளர்கள் அவரைத் தேடி வருவதும் நிற்கவில்லை. தொண்ணூறுகளில் வந்த 'நம்மூர மந்தார ஹூவே' கன்னடத்தில் ஒரு புதிய தலைமுறையையே அவர் பக்கம் இழுத்தது.

ரசிகர்கள் எல்லோரும் ஒரே கருத்துக்காரர்கள் என்று நினைத்தால் தவறு. 1998-இல் பிரேம், ரமேஷ் இருவரும் எழுதிய 'இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்' என்ற நூல், அவருடைய இசையை விளிம்புநிலை மக்களின் கலை எழுச்சியாக வாசித்தது. தன்னைச் சாதி அடையாளத்துக்குள் வைத்துப் பேசுவதை இளையராஜா விரும்பியதில்லை. 2022 ஏப்ரலில் பிரதமர் மோடியை அம்பேத்கரோடு ஒப்பிட்டு அவர் எழுதிய முன்னுரை வெளிவந்தபோது, அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் எத்தனையோ வீடுகளில் அவருடைய ரசிகர்களுக்கு மனம் நொந்தது. வேறு சிலர் கொண்டாடினார்கள். அந்த ஜூலையில் அவர் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அவருடைய அரசியலோடு உடன்படாதவர் பலர், அன்று இரவும் அவர் பாட்டைக் கேட்டுத்தான் தூங்கினார்கள். காப்புரிமை விஷயத்திலும் இதேதான். 2017-இல் இளையராஜாவிடமிருந்து பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். உழைத்தவனுக்கு உரிமை உண்டு என்றது ஒன்று. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு ஏது என்றது மற்றொன்று. பின்னர் இருவரும் ஒரே மேடையில் நின்றபோது இரண்டு கட்சிக்கும் கண் கலங்கியது.

கடல் தாண்டிய ராஜாவும் உண்டு. 2002-இல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி நடத்திய வாக்கெடுப்பில், 'தளபதி'யின் 'ராக்கம்மா' பாட்டு உலக அளவில் நான்காம் இடம் பெற்றது. ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் புலம்பெயர்ந்தவர்கள் உட்பட உலகெங்குமிருந்து தமிழர்கள் வாக்களித்தார்கள். மறு ஆண்டு அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு தன் 'எலிஃபங்க்' தொகுப்பில் 'ஸ்ரீ ராகவேந்திரர்' பாட்டு ஒன்றை எடுத்தாண்டது. 2007-இல் ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி எம்.ஐ.ஏ. தன் 'கலா' தொகுப்பில் 'தளபதி'யின் தாளத்தை வெட்டி ஒட்டினார். 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவெண்டிம் அப்போலோ அரங்கில் அவருடைய சிம்பொனி ஒலித்தபோது, கிராமத்துப் பாட்டுக்காக அவரை நேசித்தவர்களும் வந்து உட்கார்ந்து வார்த்தையில்லாத இசையைக் கேட்டார்கள்.

இருபது வயதுக்காரர்கள் வந்த வழி வேறு. 2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில், 1991-இன் 'குணா' பாட்டு உச்சக் காட்சியில் ஒலிக்கும். அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு தமிழ்ப் பாட்டை மலையாளிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுத்த விசித்திரம் அது.

இத்தனை ராஜாக்களும் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க வேண்டுமானால் தங்கவயலின் திருவிழாக் காலத்து மெல்லிசைக் கச்சேரிக்குப் போக வேண்டும். சுரங்கக் கழிவான சயனைடு மண்மேடுகள் இருட்டில் கரைந்திருக்க, சீரியல் பல்பு வெளிச்சத்தில் ஆர்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கும். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் கைமாறி மேடைக்குப் போகும். தமிழில் எழுதிய சீட்டு 'முதல் மரியாதை' கேட்கும். கன்னடத்தில் எழுதியது 'கீதா' கேட்கும். தெலுங்குச் சீட்டில் 'கீதாஞ்சலி' இருக்கும். மேடையில் இருப்பவர் சீட்டுகளை விரலிடுக்கில் அடுக்கி, எதை முதலில் பாடினால் எந்தப் பக்கம் விசில் வரும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, கீபோர்டு வாசிப்பவரிடம் குனிந்து சுருதி சொல்வார்.